எம். பி. ஸ்ரீனிவாசன்

மானாமதுரை பாலகிருஷ்ணன் ஸ்ரீனிவாசன் (செப்டம்பர் 19, 1925 - மார்ச் 9, 1988) தமிழ், மலையாளத் திரைப்பட இசையமைப்பாளரும் சேர்ந்திசைப் பயிற்றுநரும் ஆவார். எம். பி. எஸ். என்ற சுருக்கப்பெயரால் பரவலாக அறியப்பட்டவர்.

வாழ்க்கை

சித்தூரில் பிறந்த இவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற காலத்தில் மாணவர் இயக்கத்தின் வழியே பொதுவுடைமை இயக்கத்தில் இணைந்தார். தில்லியில் ஏ. கே. கோபாலனின் செயலராகப் பணியாற்றினார். இந்திய மக்கள் நாடக மன்றத்திலும் ஈடுபாடு கொண்டிருந்தார். விடுதலைப் போராட்ட வீரர் சைபுதீன் கிச்லுவின் மகள் சாகிதா இவருடைய மனைவி.

திரையிசை

நிமாய் கோஷ் இயக்கிய "பாதை தெரியுது பார்" (1960) இவர் இசையமைத்த முதல் திரைப்படமாகும். இடதுசாரிக் கலைஞர்கள் கூடி உருவாக்கிய அப்படம் வணிக வெற்றி பெறவில்லை. எனினும், அதில் ஜெயகாந்தன் எழுதி, பி. பி. ஸ்ரீனிவாசும் எஸ். ஜானகியும் பாடிய பாடல் படத்தைக் கடந்து நிலைத்துவிட்டது. தமிழில் இவருக்கு அமைந்த படங்கள் சிலவே. கேரளத்திலோ நிலை வேறு. கே. ஜே. யேசுதாசின் முதல் திரைப்பாடல் 1961இல் "கால்பாடுகள்" படத்துக்காக இவருடைய இசையில் பதிவானது. அடூர் கோபாலகிருஷ்ணனின் "சுயம்வரம்" (1972), கே. ஜி. ஜார்ஜின் "உள்கடல்" (1979) ஆகியவற்றுக்கும் இவரே இசையமைத்தார். ஜான் ஆபிரகாமின் "அக்கிரகாரத்தில் கழுதை" (1977) படத்தில், கழுதைக்குட்டியை வளர்த்து ஊரின் பகையைத் தேடிக்கொள்ளும் பேராசிரியராக நடித்ததும் இவரே.

திரைப்பட இசைக்கலைஞர்களுக்குத் தொழிற்சங்கம் அமைப்பதிலும் முன்னின்றார்.

சேர்ந்திசை

1970களின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை நிறுவினார். தமிழகத்தில் பலர் கூடிப் பாடுவது புதிதன்று. பஜனையில் அனைவரும் ஒரே மெட்டைப் பாடுவர். தேவாலயப் பாடகர் குழுவில் குரல்கள் பிரிந்து ஒலிக்கும். இவர் அந்தப் பிரிவைப் பாரதியார் பாடல்களுக்கும் பிற இந்திய மொழிப் பாடல்களுக்கும் கொண்டுவந்தார். இஃது எளிய செயலன்று. ஒற்றை மெட்டின் வழியே வளரும் இராகத்தின் மீது பல சுரங்கள் ஒருங்கே ஒலித்தால் இராகத்தின் சாயல் கலைந்துவிடக்கூடும். குரல்கள் வெவ்வேறு வழியில் சென்றால் சொல் தெளிவிழக்கும். ஆண், பெண் குரல்களை உயரத்திற்கேற்பப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி இசை எழுதி, சொல் கெடாமல் அவற்றை இணைப்பதே இவருடைய பணியாக இருந்தது. பாடியோரில் பலர் இசையைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். கச்சேரி மேடையில் தனியாகப் பாட வாய்ப்பற்ற குரலுக்கும் குழுவில் இடம் இருந்தது. இவருடைய அரசியலும் இசையும் மிக நெருங்கி நின்றது, திரைப்படங்களைவிட, இங்கேதான் எனலாம்.

கேரளத்தில் பள்ளி மாணவர்களுக்கும் சேர்ந்திசை கற்பித்தார். பின்னர் இலட்சத்தீவுக்குச் சென்று அங்குள்ள சிறுவர்களுக்குப் பயிற்சி அளித்தார். அங்கிருந்தபோது, 1988 மார்ச் 9 அன்று, தமது 62ஆம் வயதில் காலமானார். அவருக்குப் பின்னும் சென்னைக் குழு தொடர்ந்து பாடிவந்தது.