வங்கி கண்ட வழக்குரைஞர்

செவிலிமேட்டு நெசவாளர் வீடுகளிலிருந்து வங்கித் தேர்வு எழுதும் இளைஞர்கள், பணம் எண்ணும் வேலையை இயந்திரங்கள் எடுத்துக்கொண்ட பின் இத்தொழிலில் என்ன மிஞ்சும் என்று என்னிடம் கேட்பதுண்டு. அப்போதெல்லாம் வி. கிருஷ்ணசாமி ஐயரே எனக்கு நினைவுக்கு வருகிறார்.

1863-இல் திருவிடைமருதூரில் பிறந்த அவர், சென்னை உயர்நீதிமன்ற வழக்குரைஞர். பிறருக்கு ஆலோசனை கூறுவதே தொழில். 1906 அக்டோபரில் அர்பத்நாட் நிறுவனம் திவாலானது. சிறுகச் சிறுகச் சேர்த்தவர்களின் பணம் கரைந்தது. அவர்கள் சார்பில் ஐயர் வாதாடினார். நிறுவனத்தின் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் பின்னர் சிறை சென்றார்.

கட்டணம் பெற்றுக்கொண்டு ஐயர் அத்துடன் ஒதுங்கியிருக்கலாம். (அப்படி ஒதுங்கும் ஆலோசகர்களையே நான் அதிகம் கண்டிருக்கிறேன்.) ஆனால், இந்தியர் நடத்தும் வங்கி ஒன்று வேண்டுமென்று அவர் ஆதரவு திரட்டினார். செட்டிநாட்டு வணிகர்கள் முதலீட்டுடன் முன்வர, 1907 ஆகஸ்ட் 15-இல் சென்னையில் இந்தியன் வங்கி பணி தொடங்கியது. 1909-இல் நீதிபதியான ஐயர், 1911-இல் 48-ஆம் வயதில் மறைந்தார்.

காசாளர் இருக்கையை இயந்திரம் எடுத்துக்கொள்ளட்டும். தறிக்குக் கடன் கேட்டு வருபவரிடம், இவ்வளவு வாங்கினால் தாங்காது என்று முகம் பார்த்துச் சொல்லவும், சொன்னதற்குப் பொறுப்பேற்கவும் ஒருவர் வேண்டும். வங்கித் தேர்வின் பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை.