வேதநாயகரின் நகை

மாயூரம் வேதநாயகம் பிள்ளை திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826-ஆம் ஆண்டு பிறந்தார். தரங்கம்பாடி, சீகாழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீபாயிருந்து வழக்குக் கேட்ட அவர், ஏழையின் வழக்கு எங்ஙனம் தோற்கின்றதென்பதை நாடோறும் கண்டவராவர்.

1879-இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தில் யாம் பெரிதும் மதிப்பது அதன் தொடக்கமேயாம். செல்வர் வீட்டுப் பிரதாபன் பிழை செய்வான். அடியோ, உபாத்தியாயரின் பிள்ளையாக வளரும் கனகசபையின் முதுகில் விழும்! இவ்வேற்பாட்டைப் பிரதாபனே கூச்சமின்றிக் கூறுமாறு ஆசிரியர் அமைத்தனர். ஈண்டு அவர் அறவுரை கூறப் புகுந்திருப்பின் நாம் தப்பியிருப்போம். கூறாமையின், நகைத்த பின்னரே நமக்கு உறைக்கின்றது.

தமிழ் நீதிபதி முன் தமிழ் வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதாட, வழக்குடைய தமிழர் யாதும் விளங்காது விழிக்கும் கேட்டையும் அந்நூல் எள்ளுகின்றது. அவரோ 1862-லேயே சதர் கோர்ட்டுத் தீர்ப்புக்களைத் தமிழாக்கி அச்சிட்டவர். எள்ளுதற்கு அவருக்கு உரிமையுண்டு.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில், தம் பொருளைக் கொண்டு பசித்தோர்க்கு உணவளித்தார். அவ்வீகையைக் கண்டு, நந்தனார் சரித்திரம் இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவர்மீது கீர்த்தனை பாடினார். அப்பஞ்சம் ஓய்ந்த மறுவருடமே இந்நகைச்சுவைக் கதை அச்சேறிற்று என்பதை எண்ணுந்தோறும் யாம் வியக்கின்றோம்.