சபைக்குள்ள ஒரு பெண் போனா எல்லாம் மாறிடுமா? முத்துலட்சுமி ரெட்டி வாழ்க்கை சொல்லும் பதில்

சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு 1921-லேயே ஓட்டுரிமை வந்துவிட்டது. ஆனா, சொத்துத் தகுதி இருந்த கொஞ்சப் பேருக்கு மட்டும்தான். சட்டமன்ற மேலவைக்குள் ஒரு பெண் நுழைய மேலும் சில வருஷம் ஆச்சு. அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

யார் இவர்?

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். மேலவைக்கு அவரை அனுப்பியது ஓட்டு இல்லை, அரசின் நியமனம். 1927-ல் அந்தச் சபைக்கே துணைத் தலைவர் ஆனார்.

உள்ளே போய் என்ன செஞ்சார்?

கோயில் பணி செய்தால்தான் மானிய நிலம் என்ற கட்டாயத்திலிருந்து தேவதாசிகளை விடுவிக்கும் சட்டத் திருத்தம், அவரது முயற்சியால் 1929-ல் வந்தது. அடுத்து, பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் மசோதா. தேவதாசிகளில் ஒரு பகுதியினரே அதை எதிர்த்தாங்க. பிழைப்பும் கலையும் போயிடும்னு பயம். ஆனா, அதைச் சொல்ல சபையில் அவங்க ஆள் யாருமில்லை.

1930-ல் காந்தி கைதைக் கண்டித்து முத்துலட்சுமி பதவி விலகினார். பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் நிறைவேற 1947 ஆகிவிட்டது.

நடுவில் சும்மா இருந்தாரா?

இல்லை. ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லம் தொடங்கினார். 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவாகக் காரணமானார். 1968-ல் மறைந்தார்.

அப்போ பதில்?

ஒரு இடம் கிடைச்சதால்தான் அந்தப் பேச்சே சபைக்கு வந்தது. அது சட்டமாக 17 வருஷம் பிடிச்சது. சட்டம் வரும்வரை பெண்களுக்குத் தங்க இடம் கொடுத்தது சபை இல்லை, அவ்வை இல்லம்.