உடலின் ஆற்றல் மூலக்கூறைக் கண்டறிந்த சென்னை மாணவர் சுப்பாராவ்

பெங்களூரு: பார்க்கின்சன் போன்ற நரம்புச் சிதைவு நோய்களில் மூளைச் செல்கள் மடிவதற்கான காரணத்தைத் தேடும் ஆய்வுகள், செல்லின் மின் நிலையம் எனப்படும் மைட்டோகாண்ட்ரியாவில் கவனம் செலுத்தி வருகின்றன. உடலுக்குத் தேவையான ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறின் பெரும்பகுதி அங்குதான் உற்பத்தியாகிறது. அந்த மூலக்கூறை முதலில் கண்டறிந்தவர்களில் ஒருவர், சென்னையில் மருத்துவம் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

ஆந்திரத்தின் பீமாவரத்தில் 1895 ஜனவரி 12-இல் வறிய குடும்பத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோல்வியுற்று, மூன்றாம் முறை சென்னையில் படித்துத் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றபோது, காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர்த் துணியில் அறுவைச் சிகிச்சை அங்கி அணிந்தார். இது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. அதன் விளைவாக எம்பிபிஎஸ் பட்டத்துக்குப் பதில், அதனினும் குறைந்த எல்எம்எஸ் சான்றிதழே அவருக்குக் கிடைத்தது. அரசு மருத்துவப் பணி கைகூடாத நிலையில், சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பித்தார்.

ஸ்புரூ என்ற குடல் நோயால் அவருடைய சகோதரர்கள் இருவர் சில நாள் இடைவெளியில் இறந்தனர். இந்த இழப்பே அவரை ஆராய்ச்சியை நோக்கிச் செலுத்தியது எனலாம். 1920-களின் தொடக்கத்தில், மாமனாரின் பண உதவியுடன் அமெரிக்கா சென்றார். ஹார்வர்டில் படித்துக்கொண்டே, மருத்துவமனையில் இரவுநேர ஊழியராக நோயாளிகளின் மலச்சட்டிகளைச் சுத்தம் செய்து பிழைத்தார். மனைவியை அவர் மீண்டும் சந்திக்கவே இல்லை.

இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளவிட, சைரஸ் ஃபிஸ்க்குடன் இணைந்து 1925-இல் அவர் வெளியிட்ட முறை இன்றும் பாடநூல்களில் உள்ளது. அதைக் கொண்டே 1927-இல் தசையில் பாஸ்போகிரியேட்டினையும், 1929-இல் ஏடிபியையும் இருவரும் கண்டறிந்தனர். ஜெர்மனியின் கார்ல் லோமன் அதே ஆண்டில் தனித்து ஏடிபியைக் கண்டறிந்தார்.

இத்தனைக்குப் பின்னும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பணி வழங்கவில்லை. 1940-இல் லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கு அவரது குழு செயற்கையாகத் தயாரித்த ஃபோலிக் அமிலம், அவருடைய சகோதரர்களைக் கொன்ற அதே ஸ்புரூ நோய்க்கு மருந்தானது. யானைக்கால் நோய்க்கான ஹெட்ரசானும் அவரது குழுவின் பங்களிப்பே.

1948 ஆகஸ்ட் 8-இல், 53 வயதில், உறக்கத்திலேயே மாரடைப்பால் காலமானார். ஏடிபி மைட்டோகாண்ட்ரியாவில் உருவாகிறது என்பதை யூஜின் கென்னடியும் ஆல்பர்ட் லெனிஞ்சரும் நிறுவியது அந்தக் காலகட்டத்தில்தான்.

உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, உடலின் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தைச் செலவிடுகிறது. எனவே ஏடிபி உற்பத்தி குன்றினால் நரம்புச் செல்கள் எளிதில் பாதிக்கப்படுகின்றன. கலிஃபோர்னியாவில் கலப்பட போதைப்பொருளை ஊசிவழி ஏற்றிக்கொண்ட இளைஞர்களுக்குத் திடீரெனப் பார்க்கின்சன் அறிகுறிகள் தோன்றியது 1983-இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. அதிலிருந்த நச்சு, மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசச் சங்கிலியில் முதல் நொதியைத் தடுப்பது பின்னர் உறுதியானது. கால்களை முடக்கும் கேசரிப் பருப்பின் நச்சும் மூளையில் அதே நொதியைத் தாக்குவதாக, பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் 1993-இல் தெரிவித்தனர்.

இந்தக் குறையைச் சரிசெய்யும் மருந்து இன்னும் கிடைக்கவில்லை. மைட்டோகாண்ட்ரியாவுக்கு உதவும் என நம்பப்பட்ட கோஎன்சைம் க்யூ10, பார்க்கின்சன் நோயாளிகளிடம் நடத்தப்பட்ட பெரிய பரிசோதனையில் பலன் தரவில்லை என்பது 2014-இல் தெளிவானது. எனினும் அது துணைச் சத்து மாத்திரையாக இன்றும் விற்பனையில் உள்ளது.