ரத்தத்தை அளந்து தொடங்கியவர், ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து தந்தவர்: யார் இந்த சுப்பாராவ்?

பெங்களூருவில் மருந்து ஆராய்ச்சி நிறுவனங்களில் வேலை பார்க்கும் நண்பர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். சோதனை நிலையில் உள்ள புற்றுநோய் மருந்தைக் கொடுத்த பிறகு, குறிப்பிட்ட நேரங்களில் ரத்தம் எடுத்து, பிளாஸ்மாவைப் பிரித்து, அதில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதுதான் பலருக்கு முழுநேர வேலையே. அதற்கான கருவி, லிக்விட் குரோமட்டோகிராபி.

எதற்கு இவ்வளவு மெனக்கெடணும்? அளவு குறைந்தால் நோய் அடங்காது. கூடினால் மருந்தே விஷம். இந்தச் சிக்கலை உலகம் நேருக்கு நேர் சந்தித்ததற்குப் பின்னால், சென்னையில் படித்த ஒருவர் இருக்கிறார்: எல்லாப்பிரகட சுப்பாராவ்.

கதர் அங்கியால் போன பட்டம்

1895 ஜனவரி 12-ல், அப்போதைய மதராஸ் மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை கோட்டை விட்டு, சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாவது முறைதான் பாஸ். மதராஸ் மருத்துவக் கல்லூரியில் காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் அங்கி அணிந்தார். அது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக, அதைவிட மதிப்புக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது.

இதற்கிடையே, ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்கு உடன்பிறந்த இருவரைப் பறிகொடுத்திருந்தார்.

நீல நிறம் சொன்ன கணக்கு

1923-ல் மாமனாரின் உதவியோடு பாஸ்டன் போனார். மனைவியை ஊரிலேயே விட்டுவிட்டுப் போனவர், திரும்பி வரவே இல்லை. மருத்துவமனையில் இரவு நேர எடுபிடி வேலை செய்துகொண்டே ஹார்வர்டில் படித்தார்.

1925-ல் சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து அவர் வெளியிட்டது, ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸை அளக்கும் முறை. ரசாயனங்களைச் சேர்த்தால் மாதிரி நீலமாகும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ, பாஸ்பரஸ் அவ்வளவு. எளிமையான இந்த ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை பல பத்தாண்டுகள் ஆய்வகங்களில் புழங்கியது. இதன் வழியாகத்தான் தசையில் உள்ள பாஸ்போகிரியேட்டினையும், 1929-ல் ஏ.டி.பி.யையும் இருவரும் அடையாளம் கண்டார்கள். ஆனாலும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை.

வைட்டமினைப் போல ஏமாற்றும் மருந்து

1940-ல் நியூயார்க் அருகே லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார். அவரது குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கு அதுவே மருந்தானது. அடுத்து, ஃபோலிக் அமிலம் போலவே தோற்றமளித்து, செல்கள் பெருகுவதைத் தடுக்கும் அமினோப்டெரினை உருவாக்கியது.

பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அதை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். 16 பேரில் 10 பேருக்கு முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அது தற்காலிகம்தான். மருந்து அதிகமாகிவிட்டதா என்பதை வாய்ப்புண், ரத்த அணுக்களின் எண்ணிக்கை போன்ற அறிகுறிகளை வைத்தே ஊகிக்க வேண்டியிருந்தது.

இன்று அளப்பது எப்படி?

அதே குடும்பத்து மருந்துதான் மெத்தோட்ரெக்சேட். இதை அதிக அளவில் கொடுக்கும்போது 24, 48, 72 மணி நேரங்களில் ரத்தம் எடுத்து அளவைப் பார்ப்பார்கள். சிறுநீரகம் மருந்தை மெதுவாக வெளியேற்றினால் அது உடலிலேயே தங்கிவிடும். அப்போது லூகோவோரின் என்ற மாற்று மருந்தைக் கூட்டிக் கொடுத்துக் காப்பாற்றுவார்கள். பொதுவாக லிட்டருக்கு 0.1 மைக்ரோமோலுக்குக் கீழே இறங்கும்வரை கண்காணிப்பு தொடரும்.

சில விரைவுப் பரிசோதனைகள் மருந்தையும் அதன் சிதைவுப் பொருளையும் குழப்பிக்கொள்ளும். குரோமட்டோகிராபியில் அந்தக் குழப்பம் குறைவு. குழாய்க்குள் ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு வேகத்தில் நகர்வதால், தனித்தனியாக வெளியே வந்துவிடும்.

இந்த வளர்ச்சியைப் பார்க்க சுப்பாராவ் இல்லை. ஃபார்பரின் முடிவுகள் வெளியான இரண்டே மாதங்களில், 1948 ஆகஸ்ட்டில், தூக்கத்திலேயே இறந்தார். வயது 53. இன்று நல்ல சிகிச்சை கிடைத்தால், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளில் பெரும்பாலோர் குணமாகிறார்கள். மெத்தோட்ரெக்சேட் இன்னமும் அந்தச் சிகிச்சையில் இருக்கிறது.