தாய்மார் துயர் துடைத்த செளந்தரம் அம்மையார்

பிறர் துன்பம் கண்டு கண்ணீர் உகுப்போர் உலகில் பலர். அக்கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, துன்பத்தின் வேரைக் களைய முற்படுவோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவராய் விளங்கியவர் டாக்டர் செளந்தரம் இராமச்சந்திரன் அம்மையார்.

இவர் 1904ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18ஆம் நாள் பிறந்தார். மதுரையில் பேருந்துத் தொழிலை வளர்த்துப் பெரும்புகழ் பெற்ற டி. வி. சுந்தரம் ஐயங்கார் இவருடைய தந்தையார். அக்கால வழக்கப்படி இவருக்கு இளமையிலேயே மணம் முடிந்தது. மருத்துவராய் இருந்த கணவர், கொள்ளை நோயுற்றோருக்குச் சிகிச்சை அளிக்கையில் தாமும் அந்நோய்க்கு இரையாகி மாண்டார். கைம்பெண்கள் வீட்டின் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடப்பதே முறை என்று கருதப்பட்ட காலம் அது. ஆனால், அம்மையார் ஒடுங்கிவிடவில்லை. கணவர் ஆற்றிய தொண்டினைத் தாமும் தொடர உறுதி பூண்டார். பெற்றோரின் துணையோடு பள்ளிப் படிப்பைத் தொடர்ந்தார். பின்னர்த் தில்லியிலுள்ள லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1936இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

தில்லியில் உடன் பயின்ற சுசீலா நய்யாரின் நட்பு, அம்மையாரைக் காந்தியடிகளிடம் கொண்டு சேர்த்தது. அடிகளின் தொண்டர்களுள் ஒருவரான ஜி. இராமச்சந்திரனை அம்மையார் 1940இல் அடிகளின் வாழ்த்தோடு மணந்தார். கைம்பெண் மறுமணமும் சாதி கடந்த மணமும் அரிதாய் இருந்த அந்நாளில், அது துணிவு மிக்க செயலே ஆகும்.

1944இல் கஸ்தூரிபா அம்மையார் சிறைக்காவலில் உயிர் நீத்தார். அவர் நினைவாகத் திரண்ட நிதி, சிற்றூர்ப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமே பயன்பட வேண்டுமென முடிவாயிற்று. தென்னாட்டில் அப்பணியை நடத்தும் பொறுப்பினை அடிகள் செளந்தரம் அம்மையாரிடம் ஒப்படைத்தார். 1947ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே, சிறுமலையின் அடிவாரத்தில் காந்திகிராமம் தோன்றியது.

அதன் அருகிலுள்ள சின்னாளபட்டி, சேலத்து அம்மாபேட்டையைப் போன்றே நெசவாளர் மிகுந்த ஊர். பகலெல்லாம் தறியோடு உழைத்த பெண்கள், பேறுகாலத்திலும் ஓய்வறியார். மருத்துவ உதவி அருகில் இல்லாத சிற்றூர்களில் குருதிப்போக்கும் சன்னியும் தாய்மாரின் உயிரைக் கவர்ந்தன. தூய்மையற்ற கருவியால் கொப்பூழ்க்கொடியை அறுத்ததால் பச்சிளங்குழந்தைகளும் மாண்டன. தக்க உதவி உரிய நேரத்தில் கிடைத்திருப்பின், அவற்றுள் பல உயிர்களைக் காத்திருக்கலாம். இதனை நன்குணர்ந்த அம்மையார், சின்னாளபட்டியில் இரண்டே படுக்கைகளுடன் ஒரு சிறு மகப்பேற்று நிலையத்தைத் தொடங்கினார். அதுவே நாளடைவில் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. பெற்றோரற்ற குழந்தைகளும் காந்திகிராமத்தில் புகலிடம் பெற்றனர்.

மருத்துவமனை எவ்வளவு சிறந்ததாயினும், அங்கு வராதவர்க்கு அதனால் பயனில்லை. ஆதலின், நலப்பணி ஊர்களை நாடிச் செல்ல வேண்டியதாயிற்று. 1959இல் ஆத்தூர் வட்டாரத்தில் ஒரு முன்னோடி நலத்திட்டம் தொடங்கப் பெற்றது. கருவுற்ற தாய்மாரைக் கண்டறிதல், குழந்தைகளின் நலம் பேணுதல், குடும்பநல அறிவினைப் பரப்புதல் ஆகியவை ஊர்மக்களின் ஒத்துழைப்போடு நடைபெற்றன. இப்பட்டறிவின் பயனாக, 1964இல் கிராமிய நலத்திற்கும் குடும்ப நலத்திற்கும் உரிய பயிற்சி நிறுவனம் காந்திகிராமத்தில் எழுந்தது.

குடும்பக் கட்டுப்பாடு என்ற சொல்லையே அந்நாளில் பலர் ஐயத்தோடு நோக்கினர். அவ்வையத்திற்குக் காரணமும் இருந்தது. பிறந்த மகவு பிழைக்குமா என்று அஞ்சும் தாயிடம், இரு குழந்தைகள் போதும் என்று கூறுதல் எங்ஙனம்? முதலில் அவள் குழந்தை பிழைக்க வேண்டும். அவளும் நலம் பெற வேண்டும். அதன் பின்னரே அவள் அச்சொல்லுக்குச் செவி கொடுப்பாள். பேறுகளுக்கு இடையே போதிய கால இடைவெளி இருப்பின், தாயின் உடல் தேறும். குழந்தைக்குப் பாலும் பரிவும் குறைவறக் கிடைக்கும். தாய்சேய் நலமும் குடும்பநலமும் ஒரு வண்டியின் இரு சக்கரங்கள் என்பதனை இப்பணி மக்களுக்கு விளக்கிக் காட்டிற்று.

அம்மையார் 1952இல் ஆத்தூரிலிருந்தும், 1957இல் வேடசந்தூரிலிருந்தும் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப் பெற்றார். 1962இல் திண்டுக்கல் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகி, மத்தியக் கல்வித் துணை அமைச்சராகவும் பணியாற்றினார். அவ்வாண்டிலேயே பத்மபூஷண் விருதும் அவரை அடைந்தது. பதவிகள் வந்தன, சென்றன. காந்திகிராமத்தின்பால் அவர் கொண்ட பற்று மட்டும் மாறவில்லை.

1984ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 21ஆம் நாள் அம்மையார் மறைந்தார். 2005இல் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது. எனினும், அவருக்கு உண்மையான நினைவுச் சின்னம் வேறொன்றுண்டு. நலமாய்ப் பெற்ற குழந்தையை மார்போடு அணைத்து, மருத்துவமனை வாயிலைக் கடந்து தன் ஊர் திரும்பும் ஏழைத் தாயின் புன்னகையே அது. தம் துயரைப் பிறர் துயர் தீர்க்கும் மருந்தாக்கிய அவ்வம்மையாரின் வாழ்வு, தொண்டு செய்ய விழைவார்க்கு என்றும் வழிகாட்டும் விளக்காகும்.