பட்டக்காரரின் கொறங்காடு

காங்கேயம் மாடு என்றதும் பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் பெயர் வரும். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், பொலிகாளைகளைத் தேர்ந்தெடுத்து இந்த இனத்தை மேம்படுத்தியவர் அவர். காளையைப் பேசும் நாம் அவற்றை வளர்த்த கொறங்காட்டை மறந்துவிடுகிறோம். கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. வேலியால் பிரித்த காடுகளில் மாற்றி மாற்றி மேய்ப்பார்கள். ஒன்று மேயும்போது மற்றவை தழைக்கும்.

சேலம், நாமக்கல் பகுதியில் மாட்டுடன் மேச்சேரி செம்மறியும் வைத்திருக்கிறீர்களா? முதலில் மாட்டை விடுங்கள். அது நாக்கால் சுழற்றி உயரமான புல்லை மேயும். பிறகு ஆடு. செம்மறி தரையோடு கடிக்கும் என்பதால், நான்கு விரல் உயரம் இருக்கும்போதே அடுத்த காட்டுக்கு ஓட்டிவிடுங்கள். தூர் கெட்டால் மழை பெய்தும் புல் தழைக்காது. வைக்கோலுக்குக் கடன் வாங்க நேரும்.